முகம் மலராதவள்

எங்கள் துறையின் இலக்கிய மன்ற விழாவுக்கு, சில ஆண்டுகளுக்கு முன், சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தும் உரையை இறுதியாண்டு மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்றரைப் பக்கம். விருந்தினரின் கவிதைத் தொகுப்புகளை உண்மையிலேயே வாசித்துவிட்டு எழுதியிருந்தாள். நான் திருத்துவதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒத்திகையில் வாசிக்கச் சொன்னேன். தலை குனிந்திருந்தது. முன்முடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. குரல் தெளிவாகத்தான் இருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் சிரிச்ச முகமா வாசிக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

முயன்றாள். வரவில்லை. அவள் கையிலிருந்த தாளை வாங்கி, எப்போதும் பளிச்சென்று இருக்கும் இன்னொரு மாணவியிடம் கொடுத்தேன். விழா நன்றாக நடந்தது. அறிமுக உரையை விருந்தினர் தனியாகப் பாராட்டினார். வாசித்தவள் சிரித்து வணங்கினாள். எழுதியவள் மேடைக்குப் பின்னால் பொன்னாடைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதில் தவறு ஏதும் நடந்ததாக எனக்கு அன்று தோன்றவில்லை. பெண்மொழி பற்றியும் பெண்ணுடல் மீதான அதிகாரம் பற்றியும் ஆண்டுக்கணக்காக வகுப்பெடுப்பவள் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதம், மனத்தில் நின்ற ஒரு கதைமாந்தரைப் பற்றி எழுதுங்கள் என்று வகுப்புக்கு அசைன்மென்ட் கொடுத்தேன். கண்ணகி வந்தாள், மாதவி வந்தாள், ஜெயகாந்தனின் கங்கா வந்தாள். அந்த மாணவி எழுதியிருந்தது சவாகோ குரோனுமா என்ற பள்ளிச் சிறுமியைப் பற்றி. ஜப்பானியப் படக்கதையில் வருகிறவள். எனக்குத் தெரியாத பெயர். மூன்று பக்கத்தில் விழாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை, என்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில், சவாகோ சிரிக்க முயலும்போதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள் என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மே விடுமுறையில் அந்தக் கதையைத் தேடிப் பார்த்தேன். அங்கிருந்து வேறு கதைகளுக்கும் போனேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

கரூஹோ ஷீனா எழுதி வரைந்த 'கிமி நி தோதோகே' என்ற மாங்காவின் நாயகி சவாகோ. தலைப்பை 'உன்னை வந்தடையட்டும்' என்று தமிழில் சொல்லலாம். பதின்வயதுப் பெண்களுக்கான 'பெஸ்ஸட்சு மார்கரெட்' இதழில் தொடராக வந்து 2017இல் முடிந்தது. மொத்தம் 30 தொகுதிகள். 2009இல் அனிமேயாக வந்து இங்குள்ள மாணவிகளின் கைப்பேசிகள்வரை வந்துசேர்ந்துவிட்டது. சவாகோவுக்கு நீண்ட கருங்கூந்தல், வெளுத்த முகம், தாழ்ந்த குரல். 'ரிங்கு' என்ற பேய்ப்படத்தில் வரும் சதாகோவைப் போல இருக்கிறாள் என்பதால் வகுப்பே அவளைச் சதாகோ என்றுதான் அழைக்கிறது. அவள் கண்ணை மூன்று விநாடிக்கு மேல் பார்த்தால் கெடுதல் வரும், அவளுக்கு ஆவிகள் தெரியும் என்று பேச்சு. தன் உண்மைப் பெயரைச் சொல்லவும் அவளுக்குத் தயக்கம். நாளுக்கு ஒரு நல்ல காரியம் என்பதைக் கொள்கையாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் விட்டுப்போகும் வேலைகளையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறாள். பேய்ப் பயத்தைச் சோதிக்கும் விளையாட்டு ஒன்றை வகுப்பு நடத்தும்போது பேய் வேடத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. சவாகோ தானாக முன்வருகிறாள். தன்னாலும் பிறருக்குப் பயன் உண்டு என்று அவளுக்கு அத்தனை மகிழ்ச்சி.

மேடைக்குப் பின்னால் பொன்னாடை எடுத்துக் கொடுத்த கைகள் எனக்கு நினைவு வந்தது இந்தக் காட்சியில்தான்.

முகம் மலராத இந்தப் பெண் ஜப்பானியக் காதல் கதைகளில் ஒரு வார்ப்பாகவே இருக்கிறாள். வார்ப்புகளுக்கு அங்கே பெயர்கள் உண்டு. ஒரு தமிழாசிரியையாக என்னை முதலில் இழுத்தவை அந்தப் பெயர்கள். 1980களில் ஜப்பானில் பரவிய சொல் 'நெகுரா'. வேரிலேயே இருண்டவர் என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் 'நெஅகா', வேரிலேயே வெளிச்சமானவர். இன்றைய இளைஞர்கள் 'இன்க்யா', 'யோக்யா' என்கிறார்கள். யின், யாங் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் இருள்-ஒளி இரட்டையோடு, ஆங்கிலத்தின் கேரக்டர் என்ற சொல்லை வெட்டி ஒட்டியது. நெகுராவில் இருள் ஒருவரின் வேரில் இருந்தது. இன்க்யாவில் அது பள்ளி வகுப்பறையில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட வேடமாகிவிட்டது.

காதல் கதைகளுக்கென்று தனிச்சொற்கள் இருக்கின்றன. பேசாத பெண் 'டான்டெரே'. உணர்ச்சி காட்டாத பெண் 'கூடெரே'. எல்லாச் சொல்லும் 'டெரே' என்றுதான் முடியும். காதலில் குழைந்து உருகுவதைக் குறிக்கும் பாதி அது. பேசாதவள் என்று பெயர் வைக்கும்போதே, பிறகு உருகிவிடுவாள் என்ற முடிவும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இந்த மௌனம் வாசகருக்குத் தொந்தரவு தராது, கொஞ்சம் பொறுத்தால் போதும் என்ற உத்தரவாதம் அது. உருகாமலே இருந்துவிடும் ஒருத்திக்கு இந்த வரிசையில் பெயர் இல்லை.

நம் மொழியில் உம்மணாமூஞ்சி இருக்கிறது, அழுமூஞ்சி இருக்கிறது, சிடுமூஞ்சி இருக்கிறது. மூதேவி இருக்கிறாள். சிரிக்கும் தங்கைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்ட அக்கா. அவள் பெயரையே வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். ஜப்பானியரைப் பார்த்து வியக்க நமக்கு உரிமை இல்லை.

சவாகோவைச் சதாகோ என்று அழைப்பதை விளையாட்டுக் கேலியாகத்தான் கதை தொடங்குகிறது. ஆனால் யார் அந்தச் சதாகோ? கோஜி சுசுகியின் 1991ஆம் ஆண்டு நாவலில் பிறந்து, ஹிடியோ நகாதா இயக்கிய 1998ஆம் ஆண்டுப் படத்தில் உலகப் புகழ் பெற்றவள். கிணற்றிலிருந்து ஏறி, தொலைக்காட்சித் திரையைத் தாண்டி வருகிறவள். முகத்தை மூடிய கூந்தல்தான் அவள் அடையாளம். படத்தில் அவளுடைய தாய், தன் அபூர்வ ஆற்றலைப் பத்திரிகையாளர்கள் பொய் என்று ஏசியபின் எரிமலையில் விழுந்து உயிர் விடுகிறாள். மகளைக் கிணற்றில் தள்ளியவர், தகப்பன் இடத்தில் இருந்து காத்திருக்க வேண்டியவர்.

அவளுக்கு முன்னால் போனால் ஓய்வா வருகிறாள். நான்காம் நன்போகு 1825இல் எழுதிய 'யோட்சுயா கைதான்' என்ற கபுக்கி நாடகத்தின் நாயகி. கணவனை வேறொரு பெண்ணுக்குக் கட்டிவைக்க விரும்பிய பக்கத்து வீட்டார், பிள்ளை பெற்ற உடம்புக்கு மருந்து என்று நஞ்சை அனுப்புகிறார்கள். அவள் முகம் சிதைகிறது. தலை வாரும்போது முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. இன்னொருத்தி ஒகிகு. பத்துத் தட்டுகளில் ஒன்று தொலைந்த பழியில் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்ட பணிப்பெண். இரவுதோறும் ஒன்பதுவரை எண்ணுகிறவள்.

ஹெய்யான் காலத்து அரண்மனையில் நீண்ட கருங்கூந்தல்தான் பேரழகு. அதே கூந்தல் வாராமல், முடியாமல், முகத்தில் விழுந்தால் பேய். ஜப்பானியப் பெண்பேய்களில் மிகப் புகழ்பெற்ற இவர்கள் மூவரும் அநீதி இழைக்கப்பட்டவர்கள். அப்படியென்றால், முகம் மலராத பெண்ணைக் கண்டதும் ஏன் பயம் வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு ஏதோ ஒரு முறையீடு இருக்கலாம், அது நம்மை நோக்கி இருக்கலாம் என்ற பயமாக இருக்கலாம் அது. சிரிக்கும் பெண் அந்த நிமிடத்துக்கு நம்மிடம் கணக்குக் கேட்கவில்லை என்று தெரிவித்துவிடுகிறாள். 'கொஞ்சம் சிரியேன்' என்று கேட்கும்போது பல நேரம் நாம் கேட்பது அந்த உறுதியைத்தான்.

சவாகோ யாரிடமும் கணக்குக் கேட்பவள் அல்ல. ஷீனாவின் கதையில் நான் மிகவும் மதிப்பது, இருள் அவளிடம் இல்லை, பார்ப்பவர்களின் கண்ணில் இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டிய விதம். அவள் பெயரிலேயே அது இருக்கிறது. குரோனுமா என்றால் கருஞ்சதுப்பு. சவாகோ என்ற பெயரின் முதல் எழுத்துக்குப் புத்துணர்ச்சி, தெளிவு என்று பொருள். ஒரே ஓர் ஒலியை மாற்றி வகுப்பு அவளைப் பேயாக்கிவிட்டது.

அவளோடு முதலில் இயல்பாகப் பேசுகிறவன் கஸேஹாயா என்ற பையன். எல்லோருக்கும் பிடித்தவன். ஆனால் இந்தக் காதல் கதையில் முதலில் ஈடேறும் அன்பு அவனுடையது அல்ல. யானோ, சிஸுரு என்ற இரண்டு பெண்கள் சவாகோவின் நண்பர்கள் ஆகிறார்கள். அந்த இருவரைப் பற்றியும் பள்ளியில் அவதூறு பரவுகிறது. பரப்பியவள் சவாகோ என்றும் சேர்ந்தே பரவுகிறது. தன் கெட்ட பெயர் அவர்கள்மேல் ஒட்டிவிடும் என்று பயந்து சவாகோ விலகிப் போகிறாள். பிறகு கழிப்பறையில் சில பெண்கள் அந்த இருவரை இழிவாகப் பேசுவதைக் கேட்டதும், எதிரில் போய் நின்று, சொன்னதைத் திரும்பப் பெறும்படி கேட்கிறாள். தன்னைப் பற்றி எத்தனையோ சொன்னபோது வாய் திறக்காதவள். யானோவும் சிஸுருவும் வந்து, 'நண்பர்கள்' என்ற சொல் மூவருக்கும் நடுவில் உறுதியாகும் காட்சியில் நானும் அழுதேன். காதல் ஒப்புதல்கள் இதற்கு வெகு நேரம் கழித்து, அனிமேயின் இரண்டாம் பருவத்தில்தான் வருகின்றன.

அவதூறைப் பரப்பியவள் குருமி. பொம்மை போன்ற முகம், எல்லோரிடமும் இனிமை. இங்கே ஷீனா எளிதாக ஒரு வில்லியைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அழகும் மலர்ச்சியும் நிறைந்த குருமிக்கு உண்மையான தோழி ஒருத்திகூட இல்லை. அவள் முகத்தையும் யாரும் தாண்டிப் போனதில்லை. சதாகோ என்ற பேய்முகத்துக்குள் ஒருத்தி சிக்கியிருப்பதைப் போல, பொம்மை முகத்துக்குள் இன்னொருத்தி சிக்கியிருக்கிறாள். சவாகோ அவளை எதிரியாக வெறுக்கவில்லை. ஒரே பையனை விரும்பும் இன்னொரு பெண்ணாக, தனக்கு நிகராக எதிர்கொள்கிறாள். முகத்தை வைத்து அளக்கப்பட்டவள் என்பதால், பிறரை முகத்தை வைத்து அளக்க அவளுக்கு வரவில்லை.

இத்தனையையும் சொன்ன பிறகு எனக்கு ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கிறது. கஸேஹாயாவுக்குச் சவாகோ மேல் அன்பு எப்போது தொடங்கியது? பள்ளியில் சேரும் நாளில், செர்ரிப் பூக்கள் உதிரும் பாதையில், அவள் அவனுக்கு வழி சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். மற்றவர்கள் பார்க்காத அந்தச் சிரிப்பை அவன் பார்த்துவிட்டான். கதை இதை நமக்குப் பிறகு சொல்கிறது. ஆக, பேய் என்று எல்லோரும் ஒதுக்கியவளை அவன் விரும்பியதற்கும் ஒரு சிரிப்புதான் அனுமதிச்சீட்டு. அது மறைந்திருந்தது, அபூர்வமானது, போலியில்லாதது. இருந்தாலும் சிரிப்பு. அந்தக் காலையில் அவள் முகம் மலராமலே வழி சொல்லியிருந்தால்?

இந்தக் கேள்வியின் கனம், இருண்ட பையன்களின் கதையை அருகில் வைக்கும்போது கூடுகிறது. அதே பெஸ்ஸட்சு மார்கரெட்டில் 2011 முதல் 2015 வரை வந்தது இயோ சகிசாகாவின் 'அஓ ஹரு ரைட்'. நாயகி ஃபுதாபா பள்ளியில் விரும்பிய மென்மையான பையன் திடீரென ஊரை விட்டுப் போகிறான். உயர்நிலைப் பள்ளியில் திரும்ப வரும்போது மபுச்சி கோ வேறு ஆளாகியிருக்கிறான். பாராமுகம், முள் வைத்த பேச்சு, எதிலும் பற்றில்லை. நோயில் தாயை இழந்தவன், இனிமேல் மகிழ்ச்சியாக இருக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைப்பவன் என்பது மெல்ல வெளிவருகிறது. அந்தத் துயரத்தைச் சகிசாகா நேர்மையாக எழுதியிருக்கிறார். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பையனின் இருளுக்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையை அறிந்துகொள்வது நாயகியின் பொறுப்பு. தெரிந்தபின் அவனை வெளிச்சத்துக்கு இழுத்து வருவதும் அவள் வேலை. அவன் முகத்தைச் சுளித்தால், உள்ளே என்னவோ இருக்கிறது என்று வாசகியாகிய நாமே அவனுக்காகக் காரணம் தேடுகிறோம். பெண்ணின் இருளுக்கு அப்படிக் கதை தேடுகிறவர் குறைவு. அது குறைபாடு, பழகத் தெரியாமை, அழகுக் குறைவு. அதைத் திருத்திக்கொள்வதும் அவளே செய்ய வேண்டிய வேலை. ஆணின் இருள் ஆழமாகிறது, பெண்ணின் இருள் அழுக்காகிறது. இரண்டையும் துடைக்கும் துணி பெண்ணின் கையில்தான் இருக்கிறது.

இவற்றை எழுதியவர்களும் பெண்கள், இதழின் வாசகர்களும் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் எழுதித் திணித்த கதை என்று சொல்லித் தப்ப முடியாது. பெண்களுக்கான மாங்காவை ஆராய்ந்த விமர்சகர் யுகாரி ஃபுஜிமோதோ 1998இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, 'எனக்கான இடம் எங்கே இருக்கிறது?' என்பது. தன்மேல் நம்பிக்கையில்லாத பெண்ணை ஒரு பையன் 'நீ இப்படியே இரு' என்று ஏற்றுக்கொள்ளும்போது அவளுக்கு உலகில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது என்ற கனவு இந்தக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதை அவர் கவனித்தார். அந்தக் கனவை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பதினாறு வயதில் எனக்கும் அது இருந்தது. ஆனால் இடத்தை வழங்கும் கை ஒரே ஒரு பையனுடையதாக இருக்கும்வரை, அது பட்டா இல்லாத இடம்தான்.

இந்த ஏற்பாட்டை அப்பட்டமாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் டொமோகோ ஹயகாவா. 2000 முதல் 2015 வரை அவர் எழுதிய தொடரின் ஜப்பானியத் தலைப்பு 'யமாதோ நதேஷிகோவின் ஏழு உருமாற்றங்கள்'. யமாதோ நதேஷிகோ என்பது அங்கே இலட்சியப் பெண்ணுக்கான பெயர். ஒரு மெல்லிய இளஞ்சிவப்புப் பூவிலிருந்து வந்தது. நாயகி சுனாகோ. விரும்பிய பையனிடம் மனத்தைச் சொன்னபோது, அழகில்லாத பெண்களைத் தனக்குப் பிடிக்காது என்று அவன் சொல்லிவிடுகிறான். அன்றிலிருந்து அவள் கண்ணாடி பார்ப்பதில்லை. இருட்டறையில் பேய்ப்படங்களோடும் உடற்கூறு பொம்மைகளோடும் வாழ்கிறாள். அவளுடைய அத்தை, தன் மாளிகையில் குடியிருக்கும் நான்கு அழகான பையன்களிடம் ஓர் ஒப்பந்தம் பேசுகிறார். இவளை இலட்சியப் பெண்ணாக்கிக் காட்டினால் உங்களுக்கு வாடகை இல்லை.

வாடகை! ஒரு பெண்ணின் முக மலர்ச்சிக்கு விலை இருக்கிறது, அந்த விலை அவளுக்கு வருவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பையன்கள் அவளுக்குச் சீப்பெடுத்து வாருகிறார்கள், உடுத்திவிடுகிறார்கள். அவள் மறுபடி மறுபடி தன் இருட்டறைக்கே திரும்பிவிடுகிறாள். ஹயகாவா அவளைப் பெரும்பாலான பக்கங்களில் சின்னதாக, உருண்டையாக, கண்மூக்கு சரியாகத் தெரியாத உருவமாகவே வரைந்தார். நாயகியை அழகாக வரைந்தாக வேண்டும் என்ற இதழ் மரபுக்கு அது ஒரு பதில். நால்வரில் மிக அழகானவனான கியோஹேயின் நிலையும் கவனிக்க வேண்டியது. அவன் அழகு அவனை எந்த வேலையிலும் நிலைக்க விடுவதில்லை. மொய்க்கிறவர்களால் அவனுக்கு நிம்மதி இல்லை. முகம்தான் ஆள் என்று முடிவுகட்டும் உலகில் அழகானவனும் சுகப்படவில்லை. சுனாகோவுக்கு அவளுடைய இருட்டு வெறும் காயம் மட்டுமல்ல. காயத்தில் தொடங்கியிருக்கலாம். இப்போது அது அவள் ரசனை, அவள் ஓய்விடம், அவள் சிரிக்கும் இடமும்கூட. அவளை அங்கிருந்து வெளியேற்றுவது மீட்பா, குடிபெயர்ப்பா?

சவாகோவிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. அவள் மிக நல்லவள். பொறாமையில்லை, கோபமில்லை, குப்பை அள்ளுவாள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், தேர்வுக்கு எல்லோருக்கும் குறிப்பெடுத்துத் தருவாள். இருண்ட முகத்துக்குள் பொன்னான மனம் என்று தெரிந்ததும் எல்லோரும் அவளை ஏற்கிறார்கள். நல்லது. ஆனால் உள்ளே பொன் இல்லாதவள் என்ன ஆவது?

அவள்தான் டொமோகோ குரோகி. இந்தப் பெயரிலும் கருமை இருக்கிறது, குரோகி என்றால் கருமரம். அவள் கதையின் நீண்ட தலைப்பைச் சுருக்கி 'வாத்தாமோத்தே' என்கிறார்கள். 'நான் யாருக்கும் பிடிக்காதவளாக இருப்பதற்கு, எப்படி யோசித்தாலும் நீங்கள்தான் காரணம்' என்பது முழுத் தலைப்பின் சாரம். நிகோ தனிகாவா என்பது இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். 2011இல் தொடங்கிய தொடர், 2013இல் அனிமே. காதல் கணினி விளையாட்டுகளில் எத்தனையோ பையன்களை வென்ற அனுபவம் போதும் என்று நம்பி உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகிறாள் டொமோகோ. யாரும் அவளைக் கவனிப்பதே இல்லை. கடைக்காரரிடம் பேசவும் நாக்குத் தடுமாறுகிறது. இதுவரை சவாகோதான். ஆனால் டொமோகோ மனத்துக்குள் எல்லோரையும் ஏசுகிறாள். மற்ற பெண்களைப் பற்றி மட்டமாக நினைக்கிறாள். பொய் சொல்கிறாள், பொறாமைப்படுகிறாள், காமக் கற்பனைகளில் மிதக்கிறாள். அவளைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அனிமேயைப் பலமுறை பாதியில் நிறுத்தினேன்.

அந்தச் சங்கடத்திலிருந்துதான் நான் அதிகம் கற்றேன். சவாகோவை நேசிப்பதில் எனக்கு எந்தச் செலவும் இல்லை. அவள் முகத்தைத் தாண்டினால் பரிசு காத்திருக்கிறது. டொமோகோவிடம் பரிசு இல்லை. என்னைப் போலவே அற்பமும் ஆசையும் கலந்த ஒரு பெண்தான் இருக்கிறாள். மரியாதை என்பது நல்ல மனத்துக்குத் தரப்படும் பரிசு என்றால் அது இன்னொரு வகைச் சிரிப்புவரிதான். முன்பு முகத்தைக் காட்டச் சொன்னோம், இப்போது மனத்தைக் காட்டச் சொல்கிறோம்.

டொமோகோவை எந்த இளவரசனும் வந்து மீட்கவில்லை. மாங்காவில், கியோட்டோவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது, எங்கும் சேராதவர்களைச் சேர்த்த குழுவில் அவள் விழுகிறாள். அதில் வரும் யூரி என்ற பெண்ணும் அதிகம் பேசாதவள், அவளும் சிரிப்பதில்லை. அங்கிருந்து மெல்ல மெல்ல, உரசலும் கசப்புமாக, பெண்களின் ஒரு வட்டம் உருவாகிறது. வகுப்பில் எப்போதும் மலர்ச்சியாக இருக்கும் நெமோதோ என்ற பெண், தன் அனிமேப் பைத்தியத்தை மறைக்கவே அந்த மலர்ச்சியை அணிந்திருக்கிறாள் என்பதும் தெரியவருகிறது. டொமோகோ பிரகாசமானவளாக மாறிவிடவில்லை. அவள் பக்கத்தில் உட்கார ஆள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நிபந்தனையில்லாத இடம் என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். ஒருத்தி முகம் தூக்கிவைத்திருக்கும்போதும் அவள் பக்கத்தில் உள்ள நாற்காலியை இழுத்து உட்காருவது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ ஒருத்தி உண்மையாவே கஷ்டத்துல இருந்தா, அது அவ சுபாவம்னு விட்டுடணுமாம்மா?" கூடாது. முக வாட்டத்துக்குப் பின்னால் நோய் இருக்கலாம், பசி இருக்கலாம், வீட்டில் அடி இருக்கலாம், சொல்ல முடியாத ஒரு கை இருக்கலாம். இருளை அழகாக்கி, 'அவள் அப்படித்தான்' என்று கவிதை எழுதிவிட்டுப் போவதும் கைவிடுவதுதான். நானும் அப்படிச் சில கவிதைகள் எழுதியிருக்கிறேன்.

ஆனால் 'என்ன ஆச்சு?' என்பதும் 'சிரி' என்பதும் ஒன்றல்ல. முதலாவது அவளுடைய வலியைக் குறைக்கக் கேட்பது. பதில் நீளமாக வரலாம். என் மாலை நேரத்தை அது எடுத்துக்கொள்ளலாம். நான் செய்த ஏதோ ஒன்றுகூட அந்தப் பதிலில் இருக்கலாம். இரண்டாவது என் அசௌகரியத்தைக் குறைக்கக் கேட்பது. அவள் சிரித்துவிட்டால் எனக்கு வேலை முடிந்தது. வலி இருந்த இடத்திலேயே இருக்கும், கூடவே அதை மறைக்கும் உழைப்பும் சேரும். 'என்ன ஆச்சு?' என்று கேட்டு, 'ஒன்றுமில்லை, என் முகமே இப்படித்தான்' என்று அவள் சொன்னால், அதை நம்பும் கடமையும் நமக்கு இருக்கிறது. பெண்கள் தங்கள் வலியைச் சொல்லும்போது நம்ப வேண்டும் என்று நாம் போராடுகிறோம். வலி இல்லை என்று சொல்லும்போதும் அதே நம்பிக்கை அவர்களுக்குச் சேர வேண்டியது.

நான் அன்று ஒத்திகையில் எதைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். அவள் எழுத்து எனக்குத் தேவைப்பட்டது, அவள் முகம் தேவைப்படவில்லை. பேய் வேடத்துக்கு மட்டும் சவாகோவைத் தேடிய வகுப்பைப் போல, அவள் பயன்பட்ட இடத்தில் அவளை வைத்துக்கொண்டேன். அவள் அதை எதிர்க்கவில்லை என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். அந்த உரையை அவள்தான் வாசித்திருக்க வேண்டும், அவளிடமிருந்து அதை வாங்கியது தவறு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அன்னைக்கு நான் வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு நிறைய தடவை வாசிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேம்மா" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது. பிறகு, சவாகோவை எதுவரைக்கும் பார்த்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சுனாகோவைப் பற்றியும் டொமோகோவைப் பற்றியும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தனக்கு டொமோகோவைத்தான் அதிகம் பிடிக்கும் என்றும், அசைன்மென்ட்டில் அவளைப் பற்றி எழுதினால் நான் தவறாக நினைப்பேன் என்று சவாகோவை எழுதியதாகவும் சொன்னாள்.

அரைமணி நேரமும் அவள் முகம் ஒத்திகையில் இருந்தது போலவேதான் இருந்தது. அது வாடிய முகம் அல்ல, கவனமாக யோசிக்கும் முகம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது விழா மேடைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, எழுதியவர்தான் வாசிக்க வேண்டும் என்பதை எங்கள் மன்றத்தில் விதியாக வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு பெண் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒருமுறைகூடச் சிரிக்காமல் வாசித்தாள். அரங்கில் கொஞ்சம் சலசலப்பு இருந்தது. அவள் வாசித்து முடித்தாள்.